கழிவு பிளாஸ்டிக் எரிபொருளும் பெட்ரோல் இன்ஜினும்: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

பிளாஸ்டிக் கழிவைக் காற்றுப் புகாத கலத்தில் ஏறத்தாழ 350 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, எழும் ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் எண்ணெயைப் பலரும் நேராகப் பெட்ரோல் என்றே அழைக்கிறார்கள். அந்த எண்ணெயில் பெட்ரோலுக்கு இணையான இலகுவான பகுதியோடு மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றை ஒத்த பகுதிகளும் மெழுகும் ஒன்றாகக் கலந்திருக்கும். கடையில் விற்கும் பெட்ரோல் ஏறத்தாழ 30 டிகிரியில் கொதிக்கத் தொடங்கி 210 டிகிரிக்குள் முழுவதும் ஆவியாகிவிட வேண்டும். ஆகவே, அந்த எல்லைக்குள் மீண்டும் ஒருமுறை வடித்துப் பிரிக்காத எண்ணெயைப் பெட்ரோல் இன்ஜினில் ஊற்றினால், கீழே சொல்லப்படும் கோளாறுகளில் பாதிக்கு மேல் ஒரே நேரத்தில் வந்து சேரும்.

கார்புரேட்டர் பொருத்திய, நான்கு ஸ்ட்ரோக், காற்றில் குளிரும் சிறிய இன்ஜின்களை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது: ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப், டில்லர் போன்றவை. ஃபியூயல் இன்ஜெக்ஷன் வாகனத்தில் இந்த எரிபொருளை ஊற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏற்கெனவே ஊற்றிவிட்டவர்களுக்காக அதைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. பிளாஸ்டிக்கை எப்படிக் காய்ச்சுவது என்பது இங்கே பேசுபொருள் அல்ல. அது தீ விபத்தும் நச்சு ஆவியும் சேர்ந்த வேலை; முறையான ஆலைக்கு வெளியே செய்யத் தக்கதன்று.

பல நாள் இதோடு பழகியவர்கள் அறிந்த உண்மை ஒன்று உண்டு. இன்ஜின் காட்டும் அறிகுறியைச் சரியாகப் படித்தால், கலத்துக்குள் எந்த பிளாஸ்டிக் போனது, எந்த வெப்பநிலை வரை வடித்தார்கள், வடித்த பின் எவ்வளவு காலம் வைத்திருந்தார்கள் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். பாலிஎத்திலீன், அதாவது கேரிபேக்கும் பால் உறையும், நீண்ட நேர் சங்கிலிகளையும் மெழுகையும் தரும். பாலிபுரோப்பிலீன் கிளைகள் கொண்ட, இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுகளைத் தரும். தெர்மோகோல் எனப்படும் பாலிஸ்டைரீன் முக்கியமாக ஸ்டைரீனையும், சிறிதளவு டொலுவீன், எத்தில்பென்சீன் ஆகியவற்றையும் தரும். பி.வி.சி. அமிலத்தைத் தரும், பெட் பாட்டில் வெள்ளைப் படிகங்களைத் தரும். இந்த ஐந்து வரிகளையும் நினைவில் வைத்துக்கொண்டால், மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பே பாதி வழி கடந்துவிடலாம்.

எந்த ஸ்க்ரூவையும் திருப்புவதற்கு முன்

முதலில் டேங்கையும் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தையும் முழுவதுமாக வடித்துவிட்டு, நம்பகமான பெட்ரோலை ஊற்றி இன்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு உடனே மறைந்தால் பிழை எரிபொருளில் இருக்கிறது. இன்ஜினில் எதையும் தொட வேண்டியதில்லை. கோளாறு மறையாவிட்டால், எரிபொருள் ஏற்கெனவே உள்ளே எதையோ அடைத்தோ அரித்தோ வைத்திருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஜெட்டை (கார்புரேட்டரில் எரிபொருளை அளந்து விடும் துளையை) மாற்றுவதும், டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) திருத்துவதும், பிறகு நல்ல பெட்ரோலுக்குத் திரும்பும்போது புதிய கோளாறுகளைத்தான் உண்டாக்கும்.

எரிபொருளையும் தனியே சோதிக்கலாம். வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு தேக்கரண்டி அளவு ஊற்றி, நெருப்பும் ஸ்விட்சும் இல்லாத, காற்றோட்டமான திறந்தவெளி நிழலில் சில மணி நேரம் விட்டுவிட வேண்டும். நல்ல பெட்ரோல் கண்ணுக்குத் தெரியும் மிச்சம் ஏதும் வைக்காது. விரலில் எண்ணெயாக வழுக்கும் மிச்சம் இருந்தால் கனமான பகுதி கலந்திருக்கிறது. மஞ்சள் அல்லது பழுப்பு நிறத்தில், விரலை எடுக்கும்போது நூலாக இழுபடும் வளையம் இருந்தால் அது பிசின். இரண்டும் வெவ்வேறு நோய், மருந்தும் வெவ்வேறு.

அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் பார்க்கலாம். ஐரோப்பியத் தரநிலையான இ.என். 228, 15 டிகிரியில் ஒரு கனமீட்டர் பெட்ரோல் 720 முதல் 775 கிலோ வரை இருக்க வேண்டும் என்கிறது. அதைத் தாண்டினால் டீசல் பகுதியோ, மிகுதியான ஸ்டைரீனோ கலந்திருக்கக்கூடும். எது என்பதை முன்சொன்ன தட்டுச் சோதனை பிரித்துக் காட்டிவிடும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். களிமண் வடிகட்டியில் விட்டால் பழுப்பு எண்ணெயும் தண்ணீர் போலத் தெளிந்துவிடும். ஆக்டேன் எண், அதாவது தானாக வெடித்துத் தட்டாமல் எரியும் தன்மையின் அளவு, அதனால் ஒரு புள்ளிகூட உயராது.

குளிர்ந்த இன்ஜின் கிளம்ப மறுக்கிறது. சூடான பின் ஓடுகிறது

காலையில் எத்தனை முறை இழுத்தாலும் கிளம்பாமல், பிளக்கைக் கழற்றினால் நனைந்திருந்து, ஆனால் கொஞ்சம் நல்ல பெட்ரோலைக் கொண்டு கிளப்பிவிட்டால் அதன் பிறகு ஓடுமானால், எரிபொருளில் தொடக்க ஆவிக்குரிய மிக இலகுவான பகுதி இல்லை. தீப்பொறி பற்றவைப்பது திரவத்தை அன்று, ஆவியைத்தான். பெட்ரோலில் 70 டிகிரிக்குள் ஆவியாகும் பகுதி கணிசமாக இருந்தால்தான் குளிர்ந்த சிலிண்டரில் எரியத் தக்க கலவை உருவாகும். பிளாஸ்டிக்கைச் சிதைக்கும்போது இந்தப் பகுதியைச் சரியாகக் குளிர்விக்காவிட்டால் அது வாயுவோடு வாயுவாகப் போய்விடும். பிடித்த பிறகும் மூடி சரியில்லாத கேனில் இருந்தால் முதலில் பறப்பது அதுவே.

சோக்கை முழுவதும் போட்டு மீண்டும் மீண்டும் இழுப்பது இதற்குத் தீர்வாகாது. ஆவியாகாத திரவம் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிட்டு ஆயிலில் இறங்கும். நல்ல பெட்ரோலில் கிளப்பி, சூடான பின் மாற்றி, நிறுத்துவதற்கு முன் மீண்டும் நல்ல பெட்ரோலுக்கு வருவதே நடைமுறைத் தீர்வு. இரண்டு சிறிய டேங்கும் இடையே ஒரு திருகுவால்வும் இருந்தால் போதும். நிறுத்துவதற்கு முன் மாற்றும் அந்தக் கடைசிப் பழக்கம், அடுத்து வரும் இரண்டு கோளாறுகளையும் பெருமளவு தடுத்துவிடும்.

ஐட்லிங் நிற்கவில்லை, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஓடுகிறது

சென்ற வாரம் வரை ஒழுங்காக ஓடிய இன்ஜின், சில நாள் சும்மா நின்ற பிறகு ஐட்லிங்கில் ஏறி இறங்கி அணைந்துபோகிறது. சோக்கைப் பாதி போட்டால் ஓடுகிறது. இது ஐட்லிங்குக்கு எரிபொருள் விடும் பைலட் ஜெட்டின் அடைப்பு. கார்புரேட்டரில் இருப்பவற்றுள் மிக நுண்ணிய துளை அதுவாகையால், பிசின் முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

பிசின் எங்கிருந்து வருகிறது? பிளாஸ்டிக் சங்கிலி உடையும் ஒவ்வொரு இடத்திலும் இரட்டைப் பிணைப்பு உருவாகும் வாய்ப்பு உண்டு. அடுத்தடுத்து இரண்டு இரட்டைப் பிணைப்புகள் அமைந்த டைஈன்களும் ஸ்டைரீனும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று பிணைந்து மீண்டும் நீண்ட மூலக்கூறாக மாறிவிடும். ஒரு வகையில், பிளாஸ்டிக் மறுபடியும் பிளாஸ்டிக்காகத் திரும்புகிறது. இ.என். 228 தரநிலை ஓலிஃபீன்களை, அதாவது இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுகளை, 18 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துவதும், 100 மில்லி லிட்டர் பெட்ரோலில் பிசின் 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதும் இதற்காகவே. வெறுமனே வடித்த பிளாஸ்டிக் எரிபொருளில் ஓலிஃபீன் அளவு அந்த 18 சதவீதத்தைச் சாதாரணமாகவே தாண்டிவிடும்.

மிதவைக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் அடியில் தேன் நிறத்தில், நகத்தால் கீறினால் சுருண்டு வரும் ஒரு மென்படலம் தெரியும். நீடிலின் முனையில் அரக்கு பூசியது போன்ற பளபளப்பு இருக்கும். பெட்ரோலில் ஊறவைத்தால் இது கரையாது. ஆய்வகத்தில் பிசினைக் கரைக்க டொலுவீனையும் அசிட்டோனையும் சம பங்காகக் கலந்துதான் பயன்படுத்துகிறார்கள். கடையில் கிடைக்கும் கார்புரேட்டர் கிளீனரும் பல சமயம் அவ்வகைக் கரைப்பானே. மிதவை, ஓரிங், டயாஃப்ரம், ரப்பர் முனையுள்ள நீடில் ஆகியவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, உலோகப் பாகங்களை மட்டும் ஊறவைக்க வேண்டும். இல்லையெனில் பிசினோடு ரப்பரும் போய்விடும். துளையைத் திறக்க இரும்புக் கம்பியோ டிரில் முனையோ கூடாது. மின் ஒயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செப்பு இழையை விட்டு எடுத்து, பின் காற்று அடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். அரைவட்டமாகத் தெரிந்தால் இன்னும் ஊறட்டும். ஐட்லிங் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன், அது முழுவதும் மூட எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்வது நல்லது.

மீண்டும் வராமல் தடுப்பதற்குப் பி.எச்.டி. (BHT, பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுவீன்) போன்ற ஆக்சிஜன் எதிர்ப்பானைச் சேர்க்கலாம். ஆனால் அதை வடித்த உடனே சேர்க்க வேண்டும். உருவாகிவிட்ட பிசினை அது கரைக்காது. கேனை நிரம்ப ஊற்றி, மேலே மிகச் சிறிதளவே காற்றிடம் விட்டு, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். செம்பும் பித்தளையும் பிசின் உருவாவதை விரைவுபடுத்துவதால், பித்தளைக் குழாய் பொருத்திய கலத்தில் சேமிப்பது தவறு.

நேற்று ஓடிய இன்ஜினில் இன்று கம்ப்ரஷன் இல்லை

இதுதான் எல்லாவற்றிலும் ஏமாற்றக்கூடிய கோளாறு. மாலையில் நன்றாக ஓடி நின்ற இன்ஜினைக் காலையில் இழுத்தால் கயிறு தடையே இல்லாமல் வருகிறது. பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று முடிவு செய்து இன்ஜினையே பிரித்துவிடுபவர்கள் உண்டு. இன்லெட் வால்வின் தண்டும் அதன் கைடும் (தண்டு நழுவி ஓடும் குழல்) பிசினால் ஒட்டிக்கொண்டிருப்பதே பெரும்பாலும் காரணம். சூடாக இருக்கும்வரை பிசின் இளகி வால்வு நழுவிக்கொண்டிருக்கும். ஆறிய பின் இறுகி, வால்வைத் திறந்த நிலையிலேயே பிடித்துவிடும். எரிபொருள் நனைத்துக்கொண்டே போவது இன்லெட் வால்வை மட்டும் என்பதால், எக்ஸாஸ்ட் வால்வில் இந்தக் கோளாறு அரிது.

வால்வு கவரைத் திறந்து, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். இன்லெட் பக்க ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) தளர்ந்து ஆடி, வால்வு ஸ்பிரிங் மேலே வராமல் அமுங்கியே இருந்தால் நோய் உறுதி. இந்த நிலையில் ஸ்டார்ட்டர் கயிற்றை வலுவாக இழுத்துக்கொண்டே இருந்தால் புஷ்ராடு (ராக்கரைத் தள்ளும் தண்டு) வளையும். அதிர்ஷ்டம் கெட்டிருந்தால் பிஸ்டன் வால்வின் தலையில் இடிக்கும். வால்வு தண்டில் கார்புரேட்டர் கிளீனரை விட்டு ஊறவைத்து, ஸ்பிரிங்கின் தலையை மரத்துண்டு வைத்துத் தட்டித் தட்டி மேலும் கீழும் அசைத்தால் பல சமயம் விடுபட்டுவிடும். அதோடு நிறுத்திக்கொள்ளாமல், வால்வை வெளியே எடுத்துத் தண்டையும் கைடையும் துடைப்பதே சரி. தண்டில் பழுப்பு நிற அரக்குப் பட்டை விரற்கடை அளவுக்குத் தெரியும். அதை விட்டுவைத்தால் அடுத்த முறை ஆறும்போது மீண்டும் பிடிக்கும். வளைந்த புஷ்ராடைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நிமிர்த்திப் போடாமல் புதிதாக மாற்றிவிட வேண்டும்.

இந்தக் கோளாறு ஒருமுறை வந்துவிட்டால், அந்தக் கேனில் மீதியுள்ள எரிபொருளை இன்ஜினுக்குப் பயன்படுத்த வேண்டாம். அதில் நல்ல பெட்ரோலைக் கலந்து நீர்க்கச் செய்தாலும் பிசின் எங்கும் போய்விடாது.

சுமை ஏறினால் தட்டும் ஒலி. சாவியை அணைத்தும் ஓடுகிறது

சுமை இல்லாமல் அமைதியாக ஓடும் இன்ஜின், ஜெனரேட்டரில் மோட்டார் போட்டதும் அல்லது பம்ப் நீர் எடுத்ததும், உலோகக் குண்டுகள் குலுங்குவது போல் டக டக என்று தட்டுமானால் அது நாக்கிங். அதாவது ஆக்டேன் எண் போதவில்லை. பாலிஎத்திலீன் மிகுந்த எரிபொருளுக்கு இது பிறவிக் குணம் என்றே சொல்லலாம். ஆக்டேன் அளவுகோலில் நேர் சங்கிலியான ஹெப்டேனுக்குச் சுழியமும், கிளைத்த சங்கிலியான ஐசோ ஆக்டேனுக்கு 100-உம் கொடுத்திருக்கிறார்கள். நேர் சங்கிலி ஆக்டேனோ சுழியத்துக்கும் கீழே போய்விடும். கேரிபேக்கிலிருந்து வருவது பெரும்பாலும் இந்த நேர் சங்கிலிகளே. இரட்டைப் பிணைப்பு இருப்பவை ஓரளவு மேலானவை என்றாலும் போதாது. டீசல் பகுதி கொஞ்சம் கலந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் டீசல் இன்ஜின் விரும்பும் குணமும் பெட்ரோல் இன்ஜின் விரும்பும் குணமும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

இதைக் கேட்டதும் செய்ய வேண்டியது சுமையை இறக்குவது. ஒலிதானே என்று விட்டுவிட்டால், பிஸ்டன் தலையின் விளிம்பு பூச்சி அரித்தது போல் குழி விழும். ஹெட் கேஸ்கெட் ஊதிப்போகும். பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை உருப்பெருக்கியில் பார்க்கலாம். அதில் மிளகுப்பொடி தூவியது போன்ற நுண்ணிய புள்ளிகளும், இடையிடையே மினுங்கும் துணுக்குகளும் இருந்தால், அந்த மினுக்கம் பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். அதற்குமேல் அந்த எரிபொருளில் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது.

தீர்வுகளுள் முதன்மையானது நல்ல பெட்ரோலோடு கலப்பது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிளாஸ்டிக் எரிபொருள் வேண்டாம் என்பது என் அளவுகோல். பத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கி, முழுச் சுமையில் தட்டாத வரையே மேலே போகலாம். இக்னிஷன் டைமிங்கைச் சில டிகிரி பின்தள்ளினால் தட்டல் குறையும். அதற்கு விலையாக இழுவை குறையும், எக்ஸாஸ்ட் சூடேறும், எரிபொருள் செலவும் கூடும். ஃப்ளைவீலுக்குள் நிலையான டைமிங் அமைந்த சிறிய இன்ஜின்களில் இந்த வழியும் எளிதில்லை. பழைய பக்கவால்வு இன்ஜின்களில் கம்ப்ரஷன் விகிதம் 6:1 அளவிலேயே இருப்பதால் அவை இதைச் சகித்துக்கொள்ளும். 8:1-க்கு மேல் போகும் இக்கால இன்ஜினிடம் அதே பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

டொலுவீன், எத்தில்பென்சீன், ஸ்டைரீன் ஆகியவற்றின் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டும் என்பதால், தெர்மோகோலைச் சேர்த்துக் காய்ச்சினால் நாக்கிங் போய்விடும் என்று ஒரு யோசனை சுற்றிவருகிறது. கணக்கு சரி, விளைவு தவறு. ஆக்டேனோடு பிசினும் சேர்ந்தே உயரும். ஸ்டைரீனை விற்கும் ஆலைகளே அது தானாக இறுகாமலிருக்கத் தடுப்பான் சேர்த்துத்தான் அனுப்புகின்றன.

இனி, சாவியை அணைத்த பின்னும் இன்ஜின் குலுங்கிக் குலுங்கிச் சில சுற்று ஓடுவது. ஆக்டேன் குறைவும், சிலிண்டருக்குள் சிவக்கக் காயும் கரியும் சேர்ந்த விளைவு இது. அணைக்கும் முன் சுமையை எடுத்து, ஐட்லிங்கில் ஓரிரு நிமிடம் ஆறவிட்டால் உடனடி நிவாரணம் கிடைக்கும். ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி எடுத்தால் பெருமளவு அடங்கும்.

கரும்புகை, ஆயில் மட்டம் உயர்கிறது

கரும்புகையைக் கண்டதும் ஜெட் பெரிதாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். இந்த எரிபொருளில் பெரும்பாலும் காரணம் வேறு: ஆவியாகாமல் துளியாகவே எரியும் கனமான பகுதியும், இயல்பாகவே புகைந்து எரியும் ஸ்டைரீன் வகைகளும். ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்து, நல்ல பெட்ரோலில் புகை வராவிட்டால், ஜெட்டைத் தொடவே வேண்டாம்.

புகையைவிடக் கவலைக்குரியது டிப்ஸ்டிக். ஆயில் மட்டம் குறைய வேண்டிய இன்ஜினில் அது உயர்கிறது என்றால், எரியாத எரிபொருள் ரிங் வழியே கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆயில் தண்ணீராக ஓடும். எரிபொருள் வாடை அடிக்கும். சாதாரண பெட்ரோல் ஆயிலில் இறங்கினால் இன்ஜின் சூடேறும்போது பெரும்பகுதி ஆவியாகிவிடும். டீசல் பகுதி அப்படிப் போகாது, தங்கிவிடும். உடனே ஆயிலை மாற்ற வேண்டும். இந்த எரிபொருளில் ஓடும் இன்ஜினுக்கு ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறைப்பது அதிகப்படியான எச்சரிக்கை ஆகாது.

டியூப் வீங்குகிறது, கார்புரேட்டர் வழிகிறது

டியூபின் முனை தளர்ந்து மூட்டிலிருந்து நழுவுவதும், நீடில் வால்வு மூடாமல் பெட்ரோல் வழிவதும் ஒரே காரணத்தால் வரலாம். ஸ்டைரீனும் டொலுவீனும் சாதாரண நைட்ரைல் ரப்பரை ஊதவைக்கும். நல்ல பெட்ரோலுக்குத் திரும்பினால் ஊதிய ரப்பர் சுருங்கும், ஆனால் பழைய அளவுக்கு வராது. அப்போதுதான் ஒழுகல் தொடங்கும். ஆகவே மாற்றிய பின் ஒழுகுவதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஃப்ளூரோ ரப்பர் டியூபும் ஓரிங்கும் இதைத் தாங்கும். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் வழியும் பெட்ரோல் பிழைநீக்கத்துக்குக் காத்திருக்கும் விஷயமல்ல. டேங்க் குழாயை மூடிவிட்டே மற்றதைப் பார்க்க வேண்டும்.

உள்ளே வெள்ளைப் பொடி, பச்சைப் படிவு, துரு

மிதவைக் கிண்ணத்தின் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்து, பித்தளை ஜெட்டில் பச்சை படிந்திருந்தால், பி.வி.சி. கலந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 57 சதவீதம், குளோரின். மற்ற பிளாஸ்டிக் உருகிக்கொண்டிருக்கும் வெப்பநிலையிலேயே அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கத் தொடங்கிவிடும். மின் ஒயரின் உறை, குழாய்த் துண்டு, ரெக்ஸின் ஆகிய மூன்றும் கழிவுக் குவியலில் எளிதில் நுழைபவை.

எரிபொருளையும் அதே அளவு தண்ணீரையும் கண்ணாடிப் புட்டியில் குலுக்கி, அவ்வப்போது மூடியைத் தளர்த்தி அழுத்தத்தை வெளியேற்றி, பிரியவிட்டு, அடியில் நிற்கும் தண்ணீரை லிட்மஸ் தாளில் தொட்டால் அமிலம் தெரிந்துவிடும். தாள் சிவக்கவில்லை என்பதற்காக நிம்மதி அடைய முடியாது. குளோரினின் ஒரு பகுதி கரிம மூலக்கூறோடு பிணைந்து, தண்ணீரில் இறங்காமல் எண்ணெயிலேயே தங்கி, சிலிண்டரில் எரிந்த பிறகே அமிலமாக மாறும். அது ரிங்கையும் சைலன்சரையும் அரிக்கும். ஆயிலில் உள்ள காரச் சேர்க்கையையும் தின்று தீர்க்கும். பளபளக்கத் தேய்த்த செப்புத் தகட்டை எரிபொருளில் 50 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்து நிறமாற்றம் பார்க்கும் ஆய்வகச் சோதனை ஒன்று உண்டு. அது முக்கியமாகக் கந்தகத்தைக் காட்டுவதற்கானது. குளோரினுக்கு அதை நம்ப வேண்டாம்.

பி.வி.சி.யைத் தடுக்க வேண்டிய இடம் குவியல்தான். பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் தண்ணீரில் மிதக்கும், பி.வி.சி.யும் பெட்டும் மூழ்கும். எரிபொருள் சேமிப்பிலிருந்து நன்கு விலகிய இடத்தில், செப்புக் கம்பியைச் சுடரில் காய்ச்சி, பிளாஸ்டிக்கைத் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டினால், பச்சைச் சுடர் குளோரின் இருப்பதைச் சொல்லிவிடும். அந்தப் புகையைச் சுவாசிக்க வேண்டாம்.

ஃபில்டர் அடைபடுகிறது

ஃபில்டரில் படிந்திருப்பதை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்க வேண்டும். உடல் சூட்டில் உருகினால் மெழுகு. நேர் சங்கிலியில் 18 கார்பன் அணுக்கள் இருந்தால் 28 டிகிரியிலும், 20 இருந்தால் 37 டிகிரியிலும்தான் அது உருகும்; எனவே மெழுகு இருக்கிறது என்றாலே 210 டிகிரிக்குள் பிரிக்கப்படவில்லை என்று அறியலாம். உருகாமல் நறநறவென்று இருக்கும் வெண்படிகம் பெட் பாட்டிலின் டெரப்தாலிக் அமிலமாகவோ பென்சோயிக் அமிலமாகவோ இருக்கலாம். கறுப்பாக ஒட்டினால் கரித்தூள். மூன்றிலும் ஃபில்டரை மாற்றுவது தற்காலிகமே. எரிபொருளைத்தான் மாற்ற வேண்டும்.

ஃபியூயல் இன்ஜெக்ஷன் வாகனத்தில் எச்சரிக்கை விளக்கு

எரிபொருளை மாற்றியவுடன் விளக்கு எரிந்து, நல்ல பெட்ரோலுக்குத் திரும்பி ஒரு டேங்க் ஓடியபின் அணைந்தால், கலவை விகிதம் கணினியின் திருத்த எல்லையைத் தாண்டியிருந்தது என்று கொள்ளலாம். அணையாவிட்டால் இன்ஜெக்டரையும் ஆக்சிஜன் சென்சாரையும் பார்க்க வேண்டும். பிளக்கிலும் சென்சார் முனையிலும் சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைப் படிவு இருந்தால் சிலிக்கான் வந்திருக்கிறது. கழிவு பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் சிலிக்கோன் பசையும், ஷாம்பு போன்றவற்றின் மிச்சமும் அதற்கு மூலம். அது எரிந்து மணலின் அதே பொருளாக, சிலிக்காவாக, சென்சாரை மூடிவிடும். 2007-இல் தென்கிழக்கு இங்கிலாந்தில் சிலிக்கான் கலந்த பெட்ரோல் விற்பனையாகி, பல கார்களின் ஆக்சிஜன் சென்சார்கள் செயலிழந்தன. கழிவு எரிபொருள் அல்லாத சாதாரண பெட்ரோலிலேயே நடந்தது அது. இவ்வாறு மூடப்பட்ட சென்சாரைக் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அதே படிவுக்கு ஆளாகியிருக்கும் என்பதால், சென்சாரை மாற்றியபின் எக்ஸாஸ்ட் புகையையும் அளந்து பார்ப்பது அவசியம்.

கண் எரிச்சல், தலைவலி, இனிப்பான காரநெடி

இது இன்ஜின் காட்டும் அறிகுறி அல்ல, ஓட்டுபவருக்கு வரும் அறிகுறி. இனிப்பு கலந்த காரநெடி ஸ்டைரீனின் அடையாளம். இந்த எரிபொருளில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் இருக்கக்கூடும். தரநிலைப் பெட்ரோலில் அது ஒரு சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தப்படுகிறது. அளந்து பார்க்காத எண்ணெயில் அப்படிப்பட்ட எல்லை எதுவும் கிடையாது. நெடி வந்தால் இன்ஜினை நிறுத்தி, ஒழுகல் எங்கே என்று தேட வேண்டும். மூடிய அறையில் எந்த இன்ஜினையும் ஓட்டக் கூடாது. இந்த எரிபொருளில் ஓடும் இன்ஜினை அங்கே ஓட்டவே கூடாது. கையில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். ஒட்டிய பிசினை எடுக்க பெட்ரோலில் கை கழுவுவது வேண்டாம்.

கேனிலிருந்து கேனுக்கு மாற்றும்போது பெட்ரோலுக்குரிய எல்லா எச்சரிக்கையும் இதற்கும் பொருந்தும்: கேனைத் தரையில் வைத்து ஊற்ற வேண்டும், வாகனத்தின் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்து ஊற்றக் கூடாது, நிலைமின்பொறி ஒன்று போதும். கோளாறு கண்டு வடித்தெடுத்த எரிபொருளைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடி இறுகிய உலோகக் கேனில் "பயன்படுத்த வேண்டாம்" என்று எழுதி, அபாயக் கழிவைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். பிசின் பிடித்த எண்ணெயைத் திரும்ப வடிக்க முயல்வது எல்லாவற்றிலும் மோசமான யோசனை: ஆக்சிஜனை உறிஞ்சிய அந்த எண்ணெயில் பெராக்சைடுகள் சேர்ந்திருக்கும், கலத்தின் அடியில் அவை செறியும்போது வெடிக்கக்கூடும்.